எழுபது வளைவுக்கு மேலே அறப்பளீஸ்வரர்

கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு, பஸ்ஸை நினைத்தே வருஷக்கணக்காகத் தள்ளிப்போடுகிற குடும்பங்கள் நிறைய உண்டு. காரவள்ளி அடிவாரத்தில் ஏறத் தொடங்கினால் மலைமேல் இருக்கிற சோளக்காடு போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். காரில் போனால் நினைத்த இடத்தில் நிறுத்தி இறங்கலாம். அரசு பஸ்ஸில் அது நடக்காது. வாந்தி வந்தால் "சாமி குத்தமோ, வேண்டுதலில் குறையோ" என்று பெரியவர்கள் கலங்கிப்போகிறார்கள். குற்றமும் இல்லை, குறையும் இல்லை. காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு "திரும்புகிறோம், சாய்கிறோம்" என்று சொல்கிறது. கண்ணோ முன் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு "அசையாமல் உட்கார்ந்திருக்கிறோம்" என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாத குழப்பம்தான் குமட்டலாக வருகிறது. கண்ணுக்குச் சாலையைக் காட்டிவிட்டால் பாதி தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும்.

அதனால் சீட்டுதான் முதல் விஷயம். கடைசி வரிசை கூடவே கூடாது. பின்சக்கரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி அது. வளைவில் டிரைவர் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது வாலைப்போல வீசும். பின்சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கும் சீட்டில் தூக்கிப்போடும். முன் வரிசையே கிடைத்தாலும் இன்ஜின் பெட்டியை ஒட்டி உட்கார வேண்டாம். சூடும் டீசல் வாசனையும் சேர்ந்து புரட்டும். இடது பக்கம் இரண்டாவது, மூன்றாவது வரிசையில், முன்கண்ணாடி வழியாகச் சாலை தெரிகிற இடம் நல்லது. அந்த இடம் வேண்டுமென்றால் சேந்தமங்கலத்தில் காத்திருக்காமல், பஸ் கிளம்புகிற நாமக்கல்லிலேயே ஏறிவிட வேண்டும். வழியில் ஏறுபவர்களுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் பின் சீட்டுதான்.

விரதம் இருந்து போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெறும் வயிற்றில் புரட்டல் அதிகமாகுமே தவிரக் குறையாது. கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். பூரி, வடை, பால் அதிகம் விட்ட காபி எல்லாம் இறங்கி வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். தரிசனம் வரை அன்னம் தொடுவதில்லை என்று உறுதியாக இருப்பவர்கள் ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டு ஏறட்டும். வழியெல்லாம் ஒரு துண்டு இஞ்சி மரப்பாவை வாயில் அடக்கிக்கொண்டால் பலருக்கும் குமட்டல் அடங்குகிறது.

மாத்திரை போடுபவர்கள் செய்கிற தவறு ஒன்றேதான்: தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போடுவது. அந்த நேரத்தில் வயிறு சரியாக இயங்காது. உள்ளே போனது அப்படியே வெளியே வந்துவிடும். அவோமின் மாதிரி மாத்திரையை மலை ஏறுவதற்கு ஒன்று, இரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். அது தூக்கத்தைக் கொடுக்கும், வாயை உலர்த்தும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அதைக் கொடுக்கக் கூடாது. மற்ற குழந்தைகள், கர்ப்பிணிகள், கண் அழுத்த நோயோ புராஸ்டேட் தொந்தரவோ உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம். சாதாரண வாந்திக்குக் கொடுக்கும் ஒண்டான்செட்ரான் வீட்டில் இருக்கிறதே என்று அதைப் போட்டுக்கொண்டு வருபவர்களும் உண்டு. பயண வாந்தியை அது பெரிதாகக் கட்டுப்படுத்தாது.

அர்ச்சனைப் பையிலும் கவனம் தேவை. விளக்குக்கு எடுத்துப்போகிற நல்லெண்ணெய் பாட்டில், பத்து வளைவு தாண்டுவதற்குள் மூடி வழியாகக் கசியத் தொடங்கும். அந்த வாசனை ஒன்று போதும், பக்கத்து சீட்டுக்காரருக்கும் சேர்த்துப் புரட்டுவதற்கு. பாட்டில் வாயில் ஒரு துண்டு காகிதம் வைத்து மூடியை இறுக்கி, தனி டப்பாவுக்குள் நிமிர்த்தி வையுங்கள். தேங்காயைச் சீட்டுக்கு அடியில் விட்டால் உருண்டு படிக்கட்டுக்கே போய்விடும். மஞ்சப்பையில் போட்டு இரண்டு பாதங்களுக்கு நடுவில் இடுக்கிக்கொள்ளுங்கள். நெருக்கமாகக் கட்டிய மல்லிகைச் சரத்தை ஜன்னல் மூடிய பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்வதும் தொல்லைதான். ஈரத்துணியில் சுற்றி உள்ளே வைத்துவிடலாம்.

வாந்திக்குப் பிளாஸ்டிக் கவர் வேண்டாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் அதற்குத் தடை. மலையில் வீசினால் அந்தப் பாவம் வேறு. காகிதப் பை ஈரத்தில் கிழிந்துவிடும். இறுக மூடுகிற பழைய பால் பவுடர் டப்பாவில் பழைய நாளிதழைக் கிழித்துப் போட்டு, மடியிலேயே வைத்துக்கொண்டால் ஆளுக்குப் பாதி பயம் போய்விடும். தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவது மிக ஆபத்து. வளைவில் எதிரே லாரி உரசுகிற மாதிரி வரும், உள்பக்கத்தில் பாறைச் சுவர் ஒட்டி வரும். வாந்தி எடுத்த பிறகு ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்தால் அதுவும் வெளியே வரும். உப்பு சர்க்கரைக் கரைசலை இரண்டு நிமிடத்துக்கு ஒரு மிடறாகக் குடித்தால் தங்கும்.

பஸ் வளைவை எடுக்கும்போது டிரைவரைக் கவனித்துப் பாருங்கள். வளைவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அவர் தலையும் லேசாகச் சாயும். அவருக்கு ஏன் வாந்தி வருவதில்லை என்பதற்கு அதிலும் ஒரு காரணம் இருக்கிறது. நாமும் அதேபோல் வளைவின் உள்பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு, கண்ணை அடுத்த திருப்பத்தில் வைக்க வேண்டும். செல்போன் வேண்டாம். தேவாரப் புத்தகத்தைப் பிரித்துப் படிப்பதும் வேண்டாம். எழுத்தைப் பார்த்தாலே சுற்றும். மனப்பாடமாகத் தெரிந்ததைச் சொல்லுங்கள். ஒரு வளைவுக்கு ஒரு "சிவாயநம" என்று, மூச்சை மெதுவாக விட்டபடி. எழுபது முடியும்போது சோளக்காட்டுக் குளிர் முகத்தில் படும். இவ்வளவு உயரம் ஏறிவருவதால் காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் திறந்துகொள்ளும். கைக்குழந்தைக்கு அந்த நேரத்தில் பால் கொடுப்பது நல்லது.

ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்குத்தான் பாடு அதிகம். அவர்கள் உயரத்துக்கு வெளியே ஒன்றும் தெரியாது. முகத்தைத் தன் பக்கம் திருப்பி மடியில் படுக்க வைக்கிறார் அம்மா. பாசம்தான், ஆனால் குமட்டல் கூடும். சாலை தெரிகிற மாதிரி மடியில் உயர்த்தி உட்கார வைத்து, இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஆடிப்பெருக்கை ஒட்டிப் போவதாக இருந்தால் இதில் பாதி நடக்காது. கொல்லிமலையை ஆண்ட வள்ளல் வல்வில் ஓரிக்கு எடுக்கும் விழாவும் அப்போதுதான். நிற்கக்கூட இடமில்லாமல் ஏற்றுகிறார்கள். வயதானவர்கள் கம்பியில் தொங்கிக்கொண்டு வருவதைப் பார்க்கவே மனம் பதறுகிறது. நின்றே போக வேண்டி வந்தால் மேல் கம்பியை நம்பாமல் சீட்டின் முதுகுக் கம்பியைப் பிடித்து, காலை அகட்டி நில்லுங்கள். கூடுமானவரை சாதாரண வாரநாளில் போவதே நல்லது. சில பஸ்கள் கோயில் வரை போகும்; மற்றவற்றில் போனால் செம்மேட்டில் மாற வேண்டும். அங்கே இறங்கியதுமே "பஸ் போயிடுச்சு, இனிமே கிடையாது" என்று வண்டிக்கு இழுப்பவர்கள் சுற்றிக்கொள்வார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு வாடகையைக் கொட்ட வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் நிற்கிற கண்டக்டரிடமே அடுத்த பஸ்ஸையும் திரும்புகிற கடைசி பஸ்ஸையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கிடைக்கிற கால் மணி நேரம் உட்கார்ந்தால் தலையும் நிதானத்துக்கு வந்துவிடும்.

அந்த நிதானம் சன்னதிக்குத்தான் தேவை. தனிப் பதிகம் கிடைக்காவிட்டாலும் தேவாரத்தில் பெயர் பதிந்த வைப்புத்தலம் இது. உழுத ஏர் பட்டு ரத்தம் கசிந்து வெளிப்பட்டவர் என்று தலவரலாறு சொல்லும் சுயம்பு. தீபாராதனை வெளிச்சம் லிங்க பாணத்தின் உச்சியில் விழும்போது அந்தத் தழும்பைத் தேடிப் பாருங்கள். ஏர்க்காயத்தைத் தலையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவரிடம் நம் வலியைச் சொல்ல எதற்குத் தயக்கம்? கேட்க வந்தது எல்லாம் மறந்து, "என்னையும் கொண்டுவந்து சேர்த்துட்டியே அப்பா" என்ற ஒன்றுதான் வாயில் வரும். பக்கத்தில் அம்பாள் அறம்வளர்த்த நாயகி. அவளிடம் அதுவும் வராது, கண்ணீர்தான் வரும்.

வெளியே ஆற்றங்கரையில் மீனுக்குப் பொரி போடாமல் திரும்பாதீர்கள். அறுத்துச் சமைத்த மீனையும் பொருத்தி உயிர்கொடுத்து ஆற்றில் விட்டவர் என்பதுதானே அவர் பெயரோடு வழங்கும் கதை! பொரி விழுந்ததும் வாயைப் பிளந்துகொண்டு மேலே வருகிற அந்த மீன்களைப் பார்க்கும்போது, பஸ்ஸில் கசங்கிப்போன பிள்ளைகள்கூடக் கைதட்டிச் சிரிக்கும்.

ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, அத்தனையும் திரும்ப ஏற வேண்டும். மாத்திரைத் தூக்கம் கண்ணில் இருந்தால் அன்று வேண்டாம், ஈரப்படி வழுக்கும். இறக்கப் பயணம் ஏற்றத்தைவிடக் கடினம் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடித்து விடுவதால் உடம்பு முன்னும் பின்னும் ஆடும். மதியச் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், வாந்தி டப்பாவைக் கழுவிப் புதுக் காகிதம் போட்டுக்கொள்ளுங்கள். காரவள்ளி வந்து சூடான காற்று அடிக்கும்போது திரும்பிப் பார்த்து, மலையை ஒருமுறை கும்பிட்டுக்கொள்ளுங்கள். அறப்பளீஸ்வரா, ஏற்றியவனும் நீ, இறக்கிவிட்டவனும் நீ.