மூங்கில் பிடிப்பவர்கள்

நான் சிங்கப்பூரில் இருந்த ஆண்டுகளில், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்துப் பன்னிரண்டு பிலிப்பினோப் பெண்கள் கூடி நடனம் பழகுவார்கள். பெரும்பாலோர் வீட்டுவேலைக்கு வந்தவர்கள். வாரத்தில் கிடைத்த ஒரே ஓய்வு நாளையும் அவர்கள் கால் நோக ஆடியே கழித்தார்கள். டினிக்ளிங் என்னும் மூங்கில் நடனத்தை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான். காரைக்குடிக்குத் திரும்பியபின் எங்கள் கோலாட்டக் குழுவில் அதைப் பற்றிச் சொன்னேன், சொன்னதோடு நின்றிருக்கலாம்.

டினிக்ளிங் பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவைச் சேர்ந்தது. டிக்ளிங் என்பது நம் கானாங்கோழி இனத்துப் பறவை. நெல்வயலில் உழவர்கள் வைக்கும் மூங்கில் பொறிகளில் சிக்காமல் அது கால் மாற்றித் தாவும் நடையே ஆட்டமானது என்பார்கள். ஸ்பானியர் காலத்துத் தண்டனையிலிருந்து பிறந்தது என்று வேறொரு கதையும் உண்டு. கண்மாய்க்கரைப் புதரில் கானாங்கோழி நடப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்குப் பறவைக் கதையே போதும்.

ஆட்டத்தின் கணக்கு எளியது. இணையாகக் கிடக்கும் இரண்டு நீள மூங்கில்களின் முனைகளைப் புறத்துக்கு ஒருவராகப் பிடித்துக்கொண்டு, அவற்றை விரித்து அடிக்கட்டைகளின்மேல் இருமுறை தட்டி, மூன்றாம் தட்டில் ஒன்றோடொன்று மோதுவார்கள். விரிந்திருக்கும் இரண்டு தட்டுகளில் ஆடுபவரின் கால் உள்ளே, மோதும் தட்டில் வெளியே. நம் கணக்கில் சொன்னால் தகிட, தகிட என்று மும்மூன்றாக எண்ணும் திஸ்ரம். கோலாட்டத்தில் தாளம் தவறினால் கோல் காற்றில் போகும். இங்கே கணுக்கால் போகும். ஆகையால் இந்த ஆட்டத்தின் உயிர், பார்ப்பவர் கண் செல்லும் ஆட்டக்காரியிடம் இல்லை, தரையில் குந்தியிருக்கும் அந்த இருவரிடம்தான் இருக்கிறது. சிங்கப்பூர்க் குழுவில் மூத்த பெண்கள் இருவருக்கே அந்த இடம். புதிதாக வந்தவளை மூங்கிலைத் தொட விடமாட்டார்கள், நேரே ஆடத்தான் விடுவார்கள்.

இந்த நடனங்கள் இன்று இப்படிக் கற்றுக்கொள்ளும் வடிவில் கிடைப்பதற்கு, 1920-களிலிருந்து ஊர் ஊராகச் சென்று அடவுகளையும் இசையையும் எழுதி வைத்த பிரான்சிஸ்கா ரேயஸ் அக்கினோ முக்கியக் காரணம். 1973-இல் அவருக்குத் தேசியக் கலைஞர் என்னும் சிறப்பு வழங்கப்பட்டது. 1957-இல் மணிலாவில் தோன்றிய பயனிஹான் நடனக் குழு அவற்றை உலக மேடைகளுக்குக் கொண்டு சென்றது. அந்த மேடைகளில் புகழ்பெற்ற இன்னொரு மூங்கில் நடனமான சிங்கில், மிண்டனாவோ தீவின் மரனாவ் மக்களுடையது. இதே மக்களிடம் இராமாயணத்தின் ஒரு வடிவமும் வழங்குகிறது. அதில் இராவணனின் பெயர் மகாராடியா லாவனா. இதைச் சொன்ன பிறகே எங்கள் குழுவின் மூத்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

வளவில் பழகலாம் என்று மூங்கிலைக் கொண்டுவந்து போட்டதும் அப்பத்தா வந்துவிட்டார்கள். "ஆத்தங்குடிக் கல்லுல ஒரு கீறல் விழுந்தாலும் யாரு மாத்தித் தருவா? கொல்லைக்கு எடுத்துட்டுப் போங்கத்தா" என்றார்கள். கொல்லையில் செங்கல்லை அடிக்கட்டையாக வைத்தோம். அது தவறு, மரக்கட்டை கொடுக்கும் கணீரென்ற ஒலி அதில் வரவில்லை. உடையில் மட்டும் சிரமமில்லை. லெய்ட்டே அடங்கிய விசயாஸ் தீவுகளின் பெண்கள் இடுப்பில் உடுத்தும் பட்டாடியோங்கும் கட்டம் போட்டதுதான்; எங்கள் கண்டாங்கியும் அப்படியே, கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டினால் காலைத் தடுப்பதில்லை.

ஆட்டம் போகப் போக வேகம் கூட வேண்டும். நாங்கள் இரண்டாம் வேகத்தைத் தாண்டவில்லை. மூங்கில் பிடித்தவள் நான், முந்தித் தட்டியவளும் நான். என் தங்கை மகள் கணுக்காலில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு, அடுத்த வாரம் மூங்கிலை வேறு யாராவது பிடித்தால்தான் வருவேன் என்று சொல்லியிருக்கிறாள்.