கடைசியாகக் குளித்த தேதி

தேனி மாவட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராகப் பணிபுரியும் எனக்கு, வரும் பெண்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் மிகவும் கடினமானது, கடைசியாக எப்போது குளித்தீர்கள், அதாவது கடைசி மாதவிலக்கு எந்தத் தேதியில் தொடங்கியது என்பதுதான். அந்தத் தேதியோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டிப் பிரசவத் தேதியைக் குறிக்கிறோம். ஆனால் அந்தக் கணக்கு 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் விலக்காகும் பெண்ணுக்கானது. விடியும் முன் ஜீப்பில் ஏறி ஏலத் தோட்ட வேலைக்குப் போய், இருட்டிய பின் வீடு திரும்பும் பெண்களில் பலர், "வீரபாண்டித் திருவிழா முடிஞ்ச மறுவாரம் சிஸ்டர்" என்றுதான் நாளைச் சொல்வார்கள். திருவிழாவை வைத்துத் தேதியைக் கண்டுபிடித்துவிடலாம். அன்று பட்டது உண்மையில் மாதவிலக்குத்தானா என்பதைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு.

சூட்டினால் பத்து நாளாகச் சொட்டுச் சொட்டாகப் படுகிறது, சத்து மாத்திரை வேண்டும் என்று வந்த ஒரு பெண்ணை இங்கே சொல்ல வேண்டும். இரண்டு குழந்தைகளுக்குத் தாய். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனும் செய்துகொண்டவர். மருந்துக்கடையில் யாரையும் பரிசோதிக்காமல் கொடுத்த, இரத்தத்தை நிறுத்தும் மாத்திரைகளை ஏற்கெனவே விழுங்கியிருந்தார். அதற்கு முந்தைய மாதம் எப்படி இருந்தது என்று கேட்டபோதுதான், நாள் தள்ளிப்போய் வந்தது என்றும், வழக்கமாக மூன்று நாள் நன்றாகப் போகும், அந்த முறை கறுப்பாகக் கறைதான் பட்டது என்றும் சொன்னார். சிறுநீர் பிடித்து வரச் சொல்லி, நிச்சய் என்ற கர்ப்பப் பரிசோதனை அட்டையில் சில துளிகள் விட்டேன். ஐந்து நிமிடத்துக்குள் இரண்டாவது கோடும் தெளிவாக ஏறியது. "அதான் குளிச்சிட்டேனே சிஸ்டர், ஆபரேஷனும் பண்ணியாச்சே" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். வலது அடிவயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்தபடியே அவர் உட்கார்ந்திருந்ததை மருத்துவரிடம் தெரிவித்தேன். 108 வண்டியில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். ஸ்கேனில் கரு, கருக்குழாயில் இருந்தது தெரிந்தது. குழாய் வெடிக்கும் முன்பே அறுவை சிகிச்சை நடந்ததால் அவர் நலமாக வீடு திரும்பினார்.

ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கரு தங்குவது அபூர்வம். ஆனால் அப்படித் தங்கினால், அது கருக்குழாயில் தங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கர்ப்பப்பையிலேயே கரு சரியாக இருக்கும்போதும், முதல் மூன்று மாதத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பெண்ணுக்குச் சிறிதளவேனும் இரத்தம் படுவதுண்டு. ஆகவே இரத்தம் பட்டது என்பதை மட்டும் வைத்துக் கரு இல்லை என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது.

இதற்கு நேர்மாறான நம்பிக்கையும் ஊரில் வலுவாக இருக்கிறது. நாற்பது நாள், அறுபது நாள் என்று தள்ளித் தள்ளி வருபவர்கள், குறிப்பாக நீர்க்கட்டி என்று ஸ்கேனில் எழுதப்பட்டவர்கள், தங்களுக்குக் கருவே தங்காது என்று எண்ணிவிடுகிறார்கள். அடுத்த மாதவிலக்குக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பு கருமுட்டை வெளிவரும். மாதவிலக்கே எப்போது வருமென்று தெரியாதவருக்கு அந்த நாளும் தெரியாது. விந்தணுவோ உடலுக்குள் ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கக்கூடியது. எனவே நாள் எண்ணிப் பாதுகாப்பாக இருப்பது இவர்களுக்குச் சிறிதும் பொருந்தாது. பால் கொடுக்கும் தாய்க்கு, பிரசவத்துக்குப் பிறகு முதல் விலக்கு வருவதற்கு முன்பே முட்டை வந்துவிடலாம். நாற்பத்தைந்து வயதில் நின்றுவிட்டது என்று நம்பியவருக்கும் இது பொருந்தும். ஓராண்டு முழுவதும் வராமல் இருந்தால்தான் நின்றதாகக் கொள்ள வேண்டும். அந்தரா என்ற கருத்தடை ஊசி போட்டவர்களுக்கு ஒழுங்கின்றிப் படுவது வழக்கம்தான் என்றாலும், ஊசித் தேதி தவறியிருந்தால் சோதித்துப் பார்ப்பதே சரி.

எனக்கு மிகவும் கவலை தருவது கருக்கலைப்பு மாத்திரைகளைச் சீட்டு இல்லாமல் வாங்கிப் போடுவது. அவை கருக்குழாயில் இருக்கும் கருவை வெளியேற்றாது. ஆனால் இரத்தம் பட்டுவிடும், கலைந்துவிட்டது என்று அந்தப் பெண்ணும் நிம்மதியடைந்துவிடுவாள். பிறகு மயக்கமும் தோள்பட்டை வலியுமாக வரும்போது வயிற்றுக்குள் இரத்தம் கசிந்திருக்கும்.

இவற்றையெல்லாம் பதிவு மேசையில், மாமியார் பக்கத்தில் நிற்க, பின்னால் வரிசை நீள, கேட்க முடியாது. எடை பார்க்க வேண்டும் என்று உள்ளறைக்கு அழைத்துப் போய், கதவைச் சாத்திய பிறகுதான் கேட்பேன். திருமணமாகாத பெண்ணிடமும் இதே கேள்விகளை, முகத்தில் எந்த மாற்றமும் காட்டாமல் கேட்க வேண்டும். ஒருமுறை முகம் சுளித்தால் அந்தப் பெண் மறுபடி வரமாட்டாள். கோயிலுக்குப் போக நாளைத் தள்ளிப்போட மாத்திரை போட்டீர்களா என்பதையும் மறக்காமல் கேட்கிறேன், ஏனெனில் அதை நிறுத்தியதும் படுவதை மாதவிலக்காகவே கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

அட்டையில் ஒரே கோடு வந்தாலும் அத்துடன் அனுப்பிவிடுவதில்லை. உடலுறவு கொண்டு மூன்று வாரம் ஆகாத நிலையில் செய்த சோதனையில் தெரியாமல் போகலாம் என்பதால், ஒரு வாரம் கழித்துக் காலையில் முதல் சிறுநீரோடு வரச் சொல்லி, அந்தத் தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன்; வராதவர்களை அந்த ஊர் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறார்.