டேங்கின் இடது பாதி: மஞ்சள் விளக்கைத் தேடிப் போன குறிப்புகள்

டேங்கை நிரப்பிக்கொண்டு பங்கை விட்டு வெளியே வந்தால் பெட்ரோல் முள் சரியாகத்தான் நிற்கும். பத்துப் பதினைந்து லிட்டர் தீர்ந்த பிறகுதான் தொல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வேகத்தடை ஏறி இறங்கியதும் முள் அடிக்கு விழும், ரிசர்வ் விளக்கு எரியும். அடுத்த சிக்னலில் நிற்கும்போது தானாகவே மேலே வரும். இப்படியே சில வாரங்கள் போனபின் இன்ஜின் விளக்கும் மஞ்சளாக எரிய ஆரம்பித்தது. இருங்காட்டுக்கோட்டை பந்தய ட்ராக்கில் ஒரு நாள் ஓட்டவேண்டும் என்று காத்திருந்தேன். டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாத காரை அங்கே கொண்டுபோக எனக்கு மனமில்லை.

கார் இரண்டே இருக்கைகள் கொண்டது. இன்ஜின் முன்னால், இழுவை பின் சக்கரத்தில். நடுவே ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஓடுவதால் டேங்க் அதன் மேல் கழுதை முதுகின் பொதிமூட்டையைப் போல இருபுறமும் தொங்குகிறது. பம்ப் இருப்பது வலது பாதியில். இடது பாதியிலுள்ள பெட்ரோலை ஒரு ஜெட் பம்ப் வலப்பக்கம் இழுத்துத் தள்ளுகிறது. அதற்குத் தனி மோட்டார் கிடையாது. பெட்ரோல் ஒரு குறுகலான துளை வழியே பாயும் வேகமே உறிஞ்சும் விசையாகிறது. எனவே ஒவ்வொரு பாதிக்கும் ஒரு ஃப்ளோட் (மிதவை), ஒரு சென்சார். இரண்டையும் கூட்டித்தான் மீட்டர் முள்ளை நகர்த்துகிறது. இந்த அமைப்பு புரியாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. ஜெட் பம்ப் அடைத்துக்கொண்டாலும் முள் குழப்பம் காட்டும். அப்போது இடது பாதி நிறைந்திருக்கும்போதே வலது வற்றி இன்ஜின் நின்றுவிடும். கோளாறு வேறு, வைத்தியமும் வேறு.

காரின் கம்ப்யூட்டரோடு இணைத்த ஸ்கேனரில் வந்த கோளாறுக் குறியீடு பி 2068. இரண்டாவது எரிபொருள் மட்ட சென்சாரின் சுற்றில் மின்னழுத்தம் மிகுதி என்று பொருள். இதைப் பார்த்தவுடனே சென்சாரை மாற்றச் சொல்பவர்கள் அதிகம். குறியீடு சுட்டுவது ஒரு சுற்றை மட்டுமே. அந்தச் சுற்றில் சென்சார், கப்ளர் (ஒயர் இணைப்பு), ஒயர், எர்த், கம்ப்யூட்டர் என்று ஐந்து சந்தேக நபர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் 'மிகுதி' என்ற சொல் ஒரு நல்ல துப்பு. கம்ப்யூட்டர் ஒரு சிறு மின்னழுத்தத்தைக் கொடுத்து, சென்சாரின் மின்தடை அதை எவ்வளவு கீழே இழுக்கிறது என்று பார்க்கிறது. ஒயர் பாடியில் உரசி ஷார்ட் ஆனால் அழுத்தம் விழும், குறியீடு பி 2067 ஆக இருந்திருக்கும். அழுத்தம் உயரே நிற்கிறது என்றால் எங்கோ தொடர்பு அறுகிறது. அறுந்த சுற்றைக் கண்டால் இந்த மீட்டர் முள்ளை அடிக்கு இறக்கி விளக்கைப் போட்டுவிடும். வேகத்தடையில் நான் பார்த்தது அதைத்தான்.

சாதாரண ஓபிடி ஸ்கேனர் மொத்த எரிபொருளை ஒரே சதவீதமாகத்தான் காட்டும். இடது, வலது தனித்தனியாக வேண்டுமென்றால் அந்தத் தயாரிப்பாளருக்கான மென்பொருள் தேவை. நண்பரிடம் இரவல் வாங்கினேன். வலது பாதியின் அளவு நிதானமாக இருந்தது. இடது பாதி மட்டும் குதித்தது. ஜெட் பம்ப் மீதான சந்தேகம் அங்கேயே தீர்ந்தது. அடைப்பாக இருந்தால் இடது அளவு இறங்காமல் நின்றிருக்கும், இப்படித் துள்ளாது.

புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகம் தேடிப் போனபோது கடைக்காரர் கதையை முழுதாகக் கேட்டுவிட்டு, "தம்பி, முதலில் எர்த்தைப் பார்த்தீர்களா?" என்றார். விற்க வேண்டியவர் விற்பதற்கு முன் கேட்ட கேள்வி அது. அந்த மனிதர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

அதற்கான சோதனைக்கு ஆன செலவு ஒரு டீக்காசுகூட இல்லை. ரிச்சி தெருவில் 10, 100, 180 ஓம் ரெசிஸ்டர்கள் வாங்கினேன். என் காரின் சென்சார் காலியில் சுமார் 10 ஓமும் நிறைந்திருக்கும்போது சுமார் 180 ஓமும் காட்டும் வகை. எல்லாக் காரும் இப்படியல்ல. அமெரிக்க வழக்கில் காலிக்கு 240, நிறைவுக்கு 33 என்று தலைகீழாகப் போகும் வகை பரவலாக உண்டு. இருக்கைக்குப் பின்னால் கார்பெட்டைத் தூக்கினேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழைக்குப் பிறகு சென்னைக் காரில் அந்த இடத்தைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யக்கூடாது. உலர்ந்திருந்தது, கப்ளரில் பச்சைக் களிம்பு பூக்கவில்லை. கப்ளரைக் கழற்றி, சென்சாருக்குப் பதில் ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாகச் செருகினேன். திரையில் இடது பாதி காலி, பாதிக்குச் சற்று மேல், முழுது என்று ஒழுங்காக மாறியது. ஒயரை ஆட்டியும் அசையவில்லை. ஒயர், எர்த், கம்ப்யூட்டர் மூன்றும் சுத்தம். இனி டேங்கைத் திறக்கலாம்.

இதை அடுக்குமாடியின் அடித்தளப் பார்க்கிங்கில் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவித் தங்கும். வெயில் ஏறுமுன், திறந்த வெளியில், பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துத் தொடங்கினேன். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளாகப் பார்த்துக்கொண்டேன். சென்சாரை டேங்கில் பூட்டும் லாக் ரிங்கைத் தட்டிச் சுழற்றப் பித்தளைத் துண்டு. இரும்போடு இரும்பு மோதிப் பொறி வரக்கூடாது. ஃப்ளோட் கை வளையாமல் சாய்த்து எடுக்க வேண்டும்.

வெளியே எடுத்த சென்சாரை மாடியில் வைத்து முள் வைத்த பழைய மல்டிமீட்டரில் இணைத்தேன். இந்த வேலைக்கு டிஜிட்டலைவிட அதுதான் சிறந்தது. டிஜிட்டல் எண் மாறி முடிப்பதற்குள் போய்விடும் நொடி அறுபடலை முள் துடித்துக் காட்டிவிடும். ஃப்ளோட் கையை அடியிலிருந்து மெதுவாக உயர்த்தினேன். கீழ்ப்பகுதி சீராக ஏறியது. நடுவில், சுமார் ஒரு விரல் அகலத்துக்கு, முள் படாரென்று கடைசிக்கு ஓடித் திரும்பியது. மேல்பகுதி மீண்டும் சீர். சென்சாருக்குள் ஃப்ளோட் கையின் தொடுமுனை உரசி ஓடும் பீங்கான் தகட்டின் வெள்ளி கலந்த தடத்தில் அதே இடம் கறுத்திருந்தது. வெள்ளியும் பெட்ரோலிலுள்ள கந்தகமும் சேர்ந்தால் இந்தக் கறுப்பு வரும். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 மாசு விதி வந்தபோது பெட்ரோலில் கந்தகத்தின் உச்சவரம்பு 50 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10 ஆனது; இந்தக் கார் அதற்கு முந்தைய எரிபொருளிலும் பல ஆண்டுகள் ஓடியது. கறுத்த இடத்தைக் காண்டாக்ட் கிளீனரும் நூல் உதிராத துணியும் கொண்டு துடைத்தேன். தேய்ந்த கோட்டிலிருந்து விலகிப் புதிய கோட்டில் ஓடும்படி தொடுமுனையை மயிரிழை அளவு நகர்த்தினேன். முள் இப்போது அடி முதல் நுனி வரை ஒரே மூச்சில் போகிறது.

திரும்பப் பொருத்தும்போது புதிய ரப்பர் ஓ-ரிங் கட்டாயம். பழையது பெட்ரோலில் ஊறிப் பெருத்துவிடும், பள்ளத்தில் உட்காராது. குறியீட்டை அழித்துவிட்டு, பங்கில் ஐந்தைந்து லிட்டராக ஊற்றி ஒவ்வொரு நிலையிலும் இரு பாதிகளின் அளவையும் குறித்துக்கொண்டேன். வலது பாதி நிறைந்தபின் வழிந்து இடதுபக்கம் போவது எண்களிலேயே தெரிந்தது. பார்க்க அவ்வளவு நிறைவாக இருந்தது. விளக்குகள் இரண்டும் அணைந்தே இருக்கின்றன. அதே வேகத்தடைகளில் முள் அசையவில்லை.

தேய்ந்த தடம் தேய்ந்ததுதான் என்பதால் புதிய சென்சாருக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். வரும் வரை இது ஓடும். ஸ்கேனர் கையில் இருக்கும்போதே எரிபொருள் ட்ரிம்மையும், அதாவது கம்ப்யூட்டர் தானாகப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவையும் பார்த்தேன். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் அது சில சதவீதம் கூடுதலாக நிற்கிறது. கலப்பில்லாத பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும், இ20க்கு ஏறக்குறைய 13.5 போதும் என்பதால் இன்ஜின் கூடுதல் பெட்ரோலைக் கேட்பது இயல்பு. ட்ராக் நாளுக்கு டேங்கைப் பாதிக்குமேல் வைத்துக்கொண்டு போகப்போகிறேன். நீண்ட வளைவில் பெட்ரோல் ஒருபுறம் ஒதுங்கினாலும் பம்ப் வற்றக்கூடாது.