அல்போன்சாம்மாவிடம் ஆஜர் சொல்லப் போனேன்

என் மேசை இழுப்பறையில் ஓர் ஐந்து ரூபாய் நாணயம் பல ஆண்டுகளாகச் செலவாகாமல் கிடந்தது. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கடையில் கிடைத்த சில்லறையிலிருந்து எடுத்துவந்து, “டீச்சர், இதில் ஒரு சிஸ்டர் இருக்கிறார்” என்று என் உள்ளங்கையில் வைத்தது. கேரளத்துக் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரியான புனித அல்போன்சாவின் பிறப்பு நூற்றாண்டையொட்டி 2009-இல் வெளியான நாணயம். பதிலுக்கு வேறு ஐந்து ரூபாய் கொடுத்தேன். அவன் வாங்கவில்லை.

இந்த மே மாதம் ஓய்வு பெற்றேன். ஜூலையில், திருவிழாக் கூட்டம் சேர்வதற்கு முன்னால், அக்காவை அழைத்துக்கொண்டு, கேரளத்தில் அவருடைய கல்லறை இருக்கும் பரணங்கானம் போனேன். ராயப்பன்பட்டியிலிருந்து எங்களுக்கு அது தூர தேசம் அல்ல. கம்பம் போய், மலையேறிக் குமுளி, அங்கிருந்து பீர்மேடு, குட்டிக்கானம் வழியாகக் கீழே இறங்கினால் முண்டக்கயம், காஞ்சிரப்பள்ளி. பிறகு ஈராட்டுப்பேட்டை வழியாகப் பாலா போகும் சாலையில் பரணங்கானம். குட்டிக்கானத்தில் மூடுபனி, அதன்பின் வழியெல்லாம் மழை. அக்கா ஜன்னலை மூடவே விடவில்லை.

கல்லறை இருக்கும் சிற்றாலயத்தில் முழந்தாள்படியிட்டோம். உண்மையைச் சொன்னால், அங்கே எனக்குச் செபம் வரவில்லை. வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. பின்னால் நிற்பவர்களுக்கு இடம் விட வேண்டும் என்ற நினைப்பே மனத்தை நிறைத்தது. எழுந்து வந்துவிட்டேன்.

மனம் நின்றது மடத்தில்தான். அவருடைய துறவற சபையான கிளாரிஸ்ட் சபைச் சகோதரிகள் அல்போன்சா இருந்த அறையையும் பயன்படுத்திய பொருட்களையும் காத்து வைத்திருக்கிறார்கள். நோயில் கிடந்த அறை, உடுத்திய துணி, கையாண்ட பொருள்கள். ஒரு மனுஷியின் உடைமை மொத்தமும் எங்கள் பள்ளியின் ஓர் அலமாரிக்குள் அடங்கிவிடும். அக்கா பேசவே இல்லை. அம்மா நான்கு ஆண்டு படுக்கையில் கிடந்தபோது துடைத்து, புரட்டிப் படுக்கவைத்தவள் அவள்தான். அந்த அறையைப் பார்க்க என்னைவிட அவளுக்கு உரிமை அதிகம்.

1910 ஆகஸ்ட் 19-ஆம் நாள் குடமாளூரில் பிறந்தவர் அல்போன்சா. அப்போது அவர் பெயர் அன்னக்குட்டி. சில மாதங்களிலேயே தாய் இறந்துபோக, பெரியம்மா வீட்டில், முட்டுச்சிறாவில் வளர்ந்தார். பெரியம்மாவுக்கு அவரை நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்ற ஆசை. கன்னியாஸ்திரியாகத் துடித்த அந்தச் சிறுமி, அழகு குலைந்தால் பெண் பார்க்க யாரும் வரமாட்டார்கள் என்று 1923-இல் உமி கனன்றுகொண்டிருந்த குழிக்குள் காலை வைத்தார். நினைத்ததைவிட மோசமாக வெந்துவிட்டது.

பக்திப் புத்தகங்கள் இதைத் தியாகம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகின்றன. என்னால் அப்படிப் போக முடியவில்லை. அப்போது அவருக்கு வயது பதின்மூன்று இருக்கும். “வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் டீச்சர்” என்று கழிப்பறைச் சுவரோரம் நின்று அழுத பெண்பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு. என்னிடம் மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படித்தவர்கள். சிலருக்காகப் பேசி நிறுத்த முடிந்தது, சிலருக்கு முடியவில்லை. அன்னக்குட்டி சொன்னதை வீட்டில் காது கொடுத்துக் கேட்டிருந்தால் அந்தக் கால் வெந்திருக்க வேண்டாம் என்றுதான் அந்த அறையில் நின்றபோது நினைத்தேன். அதனால் அவர்மீதுள்ள பக்தி எனக்குக் குறையவில்லை, கூடியது.

1927-இல் பரணங்கானம் மடத்துக்கு வந்தார். மறு ஆண்டு அல்போன்சா என்ற பெயரை ஏற்றார். 1932-இல் வாகக்காடு பள்ளிக்கு உதவி ஆசிரியையாகப் போனார். உடம்பு இடம் கொடுக்காததால் வகுப்பறை வாழ்க்கை நீடிக்கவில்லை. அதற்கப்புறம் காய்ச்சல், நிமோனியா, மறுபடியும் படுக்கை. 1940 அக்டோபரில் ஓர் இரவு அறைக்குள் திருடன் நுழைய, அந்த அதிர்ச்சியில் நினைவே தப்பிப்போனது. 1946 ஜூலை 28-இல் இறந்தபோது முப்பத்தாறு வயது நிறையவில்லை.

எனக்கும் மூட்டுவாதம் வந்து ஒரு கல்வியாண்டில் ஐந்து மாதம் பள்ளிக்குப் போக முடியாமல் கிடந்திருக்கிறேன். விரலால் சாக்பீஸைப் பிடிக்க வராது. பிள்ளைகளைப் பாதியில் விட்டுவிட்டேன் என்ற குற்ற உணர்வு வலியைவிடப் பெரிதாக இருந்தது. அதனால், காட்சிப் பொருள்களுக்கிடையே நான் தேடியது வாகக்காட்டு டீச்சரைத்தான். எல்லோரும் அவரைத் துன்பத்தின் புனிதர் என்றே போற்றுகிறார்கள். நோய் அவருக்கு வாய்த்தது. டீச்சர் வேலையோ அவர் செய்தது. கொஞ்ச காலம்தான் என்றாலும் அதைப் பற்றி இன்னும் அதிகம் பேச வேண்டும் என்பது என் ஆசை.

அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. அவருடைய அடக்கத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். இவருடைய மதிப்பு தெரிந்திருந்தால் தொலைதூரத்திலிருந்தும் மக்கள் திரண்டு வந்திருப்பார்கள் என்று அன்று மறையுரை ஆற்றினார் ஃபாதர் ரோமுலுஸ். பெரியவர்கள் யாரும் அதை உடனே நம்பிக் கிளம்பிவிடவில்லை. கல்லறையைத் தேடி முதலில் வந்து மெழுகுவர்த்தி ஏற்றியவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். தங்களிடம் அன்பாகப் பேசிய அல்போன்சாம்மா இப்போதும் கேட்பார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கோப்புகளும் விசாரணைகளும் பிறகு வந்தவை. 1986 பிப்ரவரி 8-இல் கோட்டயத்தில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் அளித்தார். 2008 அக்டோபர் 12-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் புனிதராக அறிவித்தார். இந்தியப் பெண்களில் முதல் புனிதர். இரு பட்டங்களுக்கும் திருச்சபை ஏற்றுக்கொண்ட புதுமைகள், அதாவது அற்புதங்கள், இரண்டுமே, பிறவியில் பாதம் வளைந்திருந்த ஆண்பிள்ளைகள் குணமானவை. தன் கால் வெந்தவர் பிள்ளைகளின் காலைப் பார்த்துக்கொண்டார் என்று அக்கா மெல்லச் சொன்னாள். வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வாக்கியம் அது.

மழை விட்டிருந்தது. திரும்பவும் சிற்றாலயத்துக்குப் போவோம் என்றேன். மதிய நேரம், வரிசை இல்லை. பழுப்பு அங்கியும் கறுப்பு முக்காடும் அணிந்து அல்போன்சாம்மா வேடத்தில் ஒரு சிறுமி, நேர்ச்சையாக இருக்கும், தன் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முக்காடு நழுவிக் கண்ணை மறைக்க, ஒவ்வொரு முறையும் பொறுமையாக மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள்.

கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். நான் ஐந்து மாதம் விட்டுவிட்டுப் போன அந்த வகுப்பின் வருகைப்பதிவேட்டிலிருந்து எழுதிவைத்த முப்பத்தொரு பெயர்கள். நான் கிடந்தபோது வாரம் தவறாமல் நாலைந்து பேராக வீட்டுக்கு வந்து, படித்த பாடத்தை எனக்கு ஒப்பித்துவிட்டுப் போனவர்கள். கல்லறை முன் முழந்தாள்படியிட்டு, வகுப்பில் வாசிப்பதுபோலவே ஒவ்வொரு பெயராக வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் நிறுத்தினேன். பத்தொன்பதாவது பெயர் வந்தபோது பக்கத்திலிருந்த அந்தச் சிறுமி, தமிழ் புரியாமலே, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நாணயத்தைக் காணிக்கைப் பெட்டியில் போடத்தான் கொண்டுபோயிருந்தேன். அதைக் கொடுத்தவனின் பெயர் இருபத்தாறாவது. வாசித்து முடித்ததும் பெட்டிவரை போனேன், கையை எடுத்துக்கொண்டேன். அவன் இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறான், பொங்கலுக்கு ஊருக்கு வருவான். அப்போது அவன் கையிலேயே கொடுத்து, நான் எங்கே போய்வந்தேன் என்று சொல்ல வேண்டும்.