உப்புவெளி மணலும் இரண்டு மஞ்சள் இலைகளும்

போன மாரி முடிந்த கையோடு திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவில் கிணற்றடிக் கத்தரியும் மதிலோரத் தேசியும் மஞ்சளாகத் தொடங்கின. "மஞ்சளென்றால் யூரியா போடுங்கோ அக்கா" என்றார்கள் பசளைக் கடையில். இரண்டுக்கும் போட்டேன். பத்து நாளில் கத்தரி பச்சை பிடித்தது. தேசி அப்படியே நின்றது. போதவில்லையாக்கும் என்று இன்னும் கொஞ்சம் போட்டேன். அது பிழை.

இலையைச் சரியாகப் பார்த்திருந்தால் அன்றைக்கே விளங்கியிருக்கும். கத்தரியில் மஞ்சள் தொடங்கியது அடியிலைகளில். நைதரசன் குறைந்தால் செடி முதிர்ந்த இலையில் இருப்பதை எடுத்துத் தளிருக்குக் கொடுத்துவிடும். தேசியிலோ அடியிலைகள் நல்ல பச்சை. தளிர்தான் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. அது இரும்புக் குறைபாடு. இரும்பு ஓர் இலைக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கிருந்து லேசில் நகராது, அதனால் புதுத் தளிர்தான் முதலில் வெளிறும்.

எங்கள் கரையோர மணலில் சிப்பித் துகள் நிறைய. போதாததற்கு மதில் கட்டியபோது மிஞ்சிய சீமெந்துக் கலவையும் அந்த மூலையில்தான் கொட்டிக் கிடந்தது. சுண்ணாம்பு கூடிய மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. ஆகவே மண்ணில் போடாமல், லீற்றருக்கு 5 கிராம் இரும்பு சல்பேற்றைக் கரைத்து வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளித்தேன். அடுத்து வந்த தளிர் பச்சையாகவே வந்தது. அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பைப் போலக் காரம்தான், அந்தப் பக்கம் அதைக் கொட்டுவதையும் விட்டுவிட்டேன்.

எப்பாவலயில் தோண்டியெடுக்கும் பாறைப் பொஸ்பேற்றுப் பசளையும் இதே காரணத்தால் எங்கள் மண்ணுக்கு ஒத்துவராது. அது கரைவதற்குப் புளித்த, அதாவது அமிலத்தன்மையான மண் வேண்டும். தேயிலைக்கு நல்லது. இங்கே நான் வாங்குவது லேசில் கரையும் பொஸ்பேற்றுப் பசளையான ரி.எஸ்.பி.

யூரியாவில் நைதரசன் 46 வீதம். ஒரு கிலோ வாங்கினால் 460 கிராம். மணலில் அதை ஒரேயடியாகப் போட்டால் அடுத்த மழையோடு கீழே இறங்கிப் போய்விடும். அதனால் கத்தரி ஒன்றுக்கு அரைத் தேக்கரண்டி, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை. பூக்கத் தொடங்கியதும் அதையும் குறைத்துவிடுவேன், இல்லாவிட்டால் இலைதான் மிஞ்சும்.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டபோது மாட்டெருவும் கிளிசரியாக் குழையும்தான் கைகொடுத்தன. பசளை திரும்பக் கிடைத்த பிறகும் குழையை மண்ணில் தாட்பதை நான் நிறுத்தவில்லை. தண்ணீரையும் சத்தையும் மணலில் பிடித்து வைப்பது அதுதான்.