பாலத்தில் திணறிய கொரோலாவும் ஒரு சின்ன பிஸ்டனும்

என் 1978 கொரோலாவில் 1166 சிசி 3கே எஞ்சின். சிங்கப்பூரில் பழைய கார்களுக்குத் தரும் கிளாசிக் உரிமம் என்பதால் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். ஒவ்வொரு சோதனை ஓட்டமும் அதில் ஒரு நாளைத் தின்றுவிடும். இந்த ஆண்டு எத்தனை நாளை வீணடித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சமதளத்தில் குறையே இல்லை. பெஞ்சமின் ஷியர்ஸ் பாலத்தில் நான்காவது கியரில் ஏறும்போது மட்டும் மூச்சு வாங்கும். பாதி ஏற்றத்தில் மூன்றாவதுக்கு இறங்கியே ஆக வேண்டும். பெட்ரோல் போதவில்லை என்று முடிவு கட்டி, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான மெயின் ஜெட்டை ஒரு சுற்று பெரியதாகப் போட்டேன். ஏற்றம் கொஞ்சம் தேறியது. இரண்டு வாரம் கழித்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி போல் கறுப்பு. சமதளத்தில் லேசாக ஓடும் நேரத்திலும் எஞ்சினுக்கு அளவுக்கு மீறி ஊட்டியிருக்கிறேன்.

காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் பிளக்கைப் பார்த்துச் சிரித்தார். "ஜெட்டை விடு தம்பி. கார்புரேட்டர் மூடியைத் திற, பவர் பிஸ்டனைப் பார்" என்றார்.

அன்றுதான் விஷயம் புரிந்தது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது, எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் வேக்குவம், அதாவது உறிஞ்சும் இழுப்பு, அதிகம். அது கார்புரேட்டர் மூடிக்குள் இருக்கும் பிஸ்டனை மேலே இழுத்துப் பிடித்திருக்கும். ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் வேக்குவம் சரியும், ஸ்பிரிங் பிஸ்டனைக் கீழே தள்ளும். பிஸ்டனின் முனை, பெட்ரோல் தேங்கி நிற்கும் மிதவை அறையின் அடியில் உள்ள பவர் வால்வை அழுத்தித் திறக்கும்; கூடுதல் பெட்ரோல் வரும். சமதளத்துக்கு மெயின் ஜெட், சுமைக்கு பவர் வால்வு. நான் சுமைக்கான குறையை மெயின் ஜெட்டில் தீர்க்கப் பார்த்திருக்கிறேன்.

மூடியைத் திருப்பினால் பிஸ்டன் மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் காரை நிறுத்தி வைத்ததில் பழைய பெட்ரோல் காய்ந்து, வெல்லப்பாகு நிறத்தில் படிந்திருந்தது. அது என் சோம்பேறித்தனத்தின் பலன். கிளீனரில் ஊறவைத்துத் துணியால் துடைத்தேன். உப்புத்தாளைத் தொடக்கூட அண்ணன் விடவில்லை. சுத்தமானதும் விரலால் அழுத்தினால் மூடிக்குள் போனது, விட்டால் 'டிக்' என்று வெளியே வந்தது. இணையத்தில் வாங்கிய பழுதுபார்க்கும் தொகுப்பில் வந்த புதிய பவர் வால்வு, மூடிய நிலையிலேயே வாயால் ஊதினால் காற்று விட்டது. பழையதையே கழுவிப் போட்டேன்.

அடுத்து, வால்வு எந்த அளவு வேக்குவத்தில் திறக்க வேண்டும் என்பது. வேக்குவத்தைப் பாதரச அங்குலத்தில் அளப்பார்கள். அமெரிக்க ஹாலி கார்புரேட்டர்களில் பவர் வால்வின் மீதே எண் இருக்கும்: 65 என்றால் 6.5 அங்குல பாதரச வேக்குவத்தில் திறக்கும், வேண்டிய எண்ணை வாங்கி மாட்டிக்கொள்ளலாம். என்னுடையதில் ஸ்பிரிங்தான் எல்லாம். கை பம்பால் வேக்குவம் கொடுத்து மெல்ல விட்டுப் பார்த்தேன். பிஸ்டன் விழுந்தது 4 அங்குலத்தில்.

அது சரியா என்று அறிய, வேக்குவம் மீட்டரை நீண்ட குழாயில் மாட்டி மகன் மடியில் வைத்தேன். நின்ற நிலையில் 18. சமதளத்தில் மணிக்கு 60 கிலோமீட்டரில் 14. பாலத்தில் "அப்பா, ஏழு... ஏழுதான்" என்றான். அப்படியானால் 7-இல் திறந்திருக்க வேண்டிய வால்வு 4 வரை தூங்குகிறது.

ஸ்பிரிங் இன்னும் பலமாகத் தள்ளட்டும் என்று அதன் தலைமாட்டில் மெல்லிய வாஷர் ஒன்று வைத்தேன்: 5.5. இரண்டு: 7.5. நின்ற நிலை வேக்குவத்தில் பாதி என்பது ஹாலிக்காரர்களின் பழைய கணக்கு. அதன்படி 9 வர வேண்டுமே என்று மூன்றாவதையும் வைத்தேன். பேராசை. விளக்கில் நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் வால்வு திறந்து, பின்னால் பெட்ரோல் வாடை அடித்தது. மூன்றாவதை எடுத்துவிட்டேன்.

பழைய மெயின் ஜெட்டும் திரும்பிவிட்டது. போன ஞாயிறு நான்காவது கியரிலேயே பாலத்தின் உச்சியைத் தொட்டோம். பிளக் இப்போது இளம் பழுப்பு. வெயிலில் நிறுத்திவிட்டு உடனே கிளப்பினால் இன்னும் இருமுகிறது. அதைப் பார்க்க 11 நாள் மீதம் இருக்கிறது.