"எனக்கு வராது" என்பதைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

தமிழ் மீடியத்தில் படித்து இன்ஜினியரிங் முடித்தவர்கள் பலர் கேம்பஸ் இன்டர்வியூவில் சறுக்குவது பாடத்தில் இல்லை, "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்ற முதல் கேள்வியில். சர்க்யூட்டைப் பிரித்து மாட்டத் தெரிந்தவருக்கு ஊர்ப்பேர் சொல்வதற்குள் தொண்டை அடைத்துவிடும். ஒருமுறை அப்படி ஆனதும் "நமக்கு இதெல்லாம் வராது" என்று முடிவு கட்டிவிடுவார்.

கண்ணாடி முன் நின்று "என்னால் முடியும்" என்று சொல்லச் சொல்வார்கள். காசு வாங்கிக்கொண்டு இதையே வகுப்பாக எடுப்பவர்களும் உண்டு. தன்னைப் பற்றிய மதிப்பு ஏற்கெனவே குறைவாக இருப்பவர்கள் இப்படித் தம்மைப் புகழ்ந்து திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டால் மனநிலை இன்னும் கெடுகிறது என்று உளவியலாளர் ஜோஆன் வுட் குழுவின் 2009 ஆய்வு காட்டியது. வாய் ஒன்று சொல்ல, மனசு "எங்கே, காட்டு பார்ப்போம்" என்கிறது.

அந்த மனசுக்குக் காட்ட ஆதாரம் வேண்டும். தன்னால் முடியும் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று 1977-இல் எழுதிய உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா, செய்து முடித்த அனுபவத்தைத்தான் முதலில் வைத்தார். நம்மைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், உடம்பின் படபடப்பை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆனால் எல்லாச் சந்தேகமும் வெறும் பயம் இல்லை. உங்கள் ஃபைனல் இயர் புராஜெக்ட்டைத் தமிழில் இரண்டு நிமிடம் விளக்கி போனில் பதிவு செய்யுங்கள். தமிழிலேயே தடுமாறினால் குறை பாடத்தில் இருக்கிறது, தன்னம்பிக்கையைத் தேடிப் பயனில்லை. தமிழில் சரளமாக வந்து இங்கிலீஷில் நின்றால் பயிற்சி வேண்டியது மொழிக்கு. தனியாக இரண்டிலும் வந்து, எதிரே ஆள் உட்கார்ந்தால் மட்டும் போய்விடுகிறதென்றால் அதுதான் பயம்.

செல்ஃப் இன்ட்ரோவுக்கு ஒன்றரை நிமிடம் போதும். கட்டுரையாக எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு வார்த்தை விட்டுப்போனால் மொத்தமும் சரியும், நடுவில் இன்டர்வியூ எடுப்பவர் குறுக்கிட்டால் விட்ட இடம் கிடைக்காது. ஊர், படிப்பு, புராஜெக்ட், அதில் உங்கள் கை பட்ட பகுதி, வந்த ஒரு பிரச்சினை என்று ஐந்து குறிப்புகள் மட்டும். புராஜெக்ட்டைக் கடைசியில் வையுங்கள். பெரும்பாலும் கடைசியாகச் சொன்னதிலிருந்துதான் அடுத்த கேள்வி வரும். "ஹாபி கிரிக்கெட்" என்று முடித்தால் கிரிக்கெட்டைப் பற்றிப் பேச வேண்டியதுதான்.

பதிவைக் கேட்டால் குரல் யாருடையதோ போல இருக்கும். பேசும்போது நம் குரல் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் காதுக்கு வருகிறது, பதிவில் அது இல்லை, அவ்வளவுதான். ஒருமுறை கேட்கும்போது ஒரு குறையை மட்டும் தேடுங்கள்: முதலில் எங்கே நின்றுபோனீர்கள், அடுத்து எந்த வாக்கியத்தின் கடைசி வார்த்தையை விழுங்கினீர்கள். கிராமர் கடைசியில். தங்கு தடையில்லாமல் வந்தபிறகு ஒரு நண்பர் முன், பிறகு மூன்று பேர் முன், பிறகு குறுக்குக் கேள்வி கேட்கும் சீனியர் முன். நேராகக் கடைசிப் படிக்குத் தாவி விழுந்தால் "வராது" கணக்கில்தான் இன்னொன்று ஏறும். அந்த சீனியரும் டாப்பராக இருக்க வேண்டாம். உங்களைப் போலவே தமிழ் மீடியத்தில் படித்து, ஓர் அரியரையும் முடித்து, போன வருடம் வேலைக்குப் போனவர் போதும்.

கை நடுங்குவது எதிரே இருப்பவருக்கு அப்பட்டமாகத் தெரியும் என்று தோன்றும். நாம் நினைக்கும் அளவுக்குத் தெரிவதில்லை. இதைப் பேசப்போகும் முன்பே சொல்லிக் கேட்டவர்கள், சொல்லப்படாதவர்களைவிட நன்றாகப் பேசினார்கள் என்கிறது உளவியலாளர்கள் சவிட்ஸ்கி, கிலோவிச் இருவரின் 2003 ஆய்வு. உள்ளே கூப்பிடும் முன் நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள், ஐந்தாறு முறை. இரண்டாவது காபி வேண்டாம்.

"சாரி சார், குட் யூ ரிபீட் தி கொஸ்டின்?" என்பதையும் வாய்விட்டுப் பழகுங்கள். புரியாத கேள்விக்குக் குத்துமதிப்பாகப் பதில் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல். முடிந்து வெளியே வந்ததும், பஸ் ஏறுவதற்குள், தடுமாறிய கேள்விகளை மட்டும் போனில் எழுதிவையுங்கள். ராத்திரி படுத்தால் "எல்லாமே சொதப்பல்" என்றுதான் ஞாபகம் வரும். எழுதிப் பார்த்தால் இரண்டு மூன்று கேள்விகள்தான் இருக்கும், மறுநாள் பதிவை அவற்றிலிருந்து ஆரம்பிக்கலாம்.